முன்பக்கமாக வீட்டுக்கு வராத ஓல்டான் சார்

உலகத்தில் எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். பின்னால் பார்த்துக்கொண்டு வந்தவர், எனக்குத் தெரிந்து, ஆரணியில் எங்கள் தெருவிலிருந்த ஓல்டான் சார் ஒருவர்தான். அதற்காக எங்கள் தெரு அவருக்குக் கொடுத்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஓல்டான் சார் ரிட்டயரான பஸ் கண்டக்டர். ஓடியதெல்லாம் படவேடு பக்கம். அந்த மலையடிவாரத்து ஊர்களில் பஸ் திருப்ப இடமிருக்காது. இவர் இறங்கிப் பின்னால் நின்று, விசில் ஊதி, ‘வா வா வா’ என்று பஸ்ஸைக் கன்றுக்குட்டி மாதிரிக் கூப்பிடுவார். கடைசியில் அதன் முதுகில் ரெண்டு தட்டு தட்டி ‘ஓல்டான்!’ என்று ஒரு கத்தல்; ‘ஹோல்ட் ஆன்’, அதாவது நிறுத்து. அதுவே பெயராகிவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருப்பதாகக் கேள்வி.

ரிட்டயரானதும் ஒரு கார் வாங்கினார். பவிசுக்கு இல்லை. அவர் மனைவி சரோஜா அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் ரெண்டு நாள் வேலூரில் டயாலிசிஸ். அங்கே ராத்திரி ஷிப்டுதான் கிடைத்தது. ரத்தம் சுத்தமாகி, உடம்பு துவண்டு, விடியற்காலையில் திரும்புவார். வீட்டு வாசலில் இறங்கினால் நேராகக் கட்டில். அந்த வாசலுக்காகத்தான் கார்.

ஆனால் எங்கள் தெரு முட்டுச்சந்து. சார் வீடு கடைசி; எதிரில் என் வீடு. அங்கே போய் வண்டியைத் திருப்புவதற்குள் முன்னே, பின்னே, முன்னே, பின்னே என்று ஒரு கும்மியே அடிக்க வேண்டும். ரிவர்ஸ் கியர் போட்டால், பின்பக்கத்தைக் காட்டும் கேமராத் திரை எரியும். முன் கியருக்கு மாற்றிய நிமிஷம் அது அணைந்து, முருகன் பாட்டு பாடும். மறுபடி ரிவர்ஸ் போட்டால், ‘சுற்றுப்புறத்தைக் கவனிக்கவும்’ என்று உபதேசம் எழுதிக் காட்டிவிட்டு, நிதானமாகப் படம் வரும்.

“அத்த கவனிக்கத்தானே உன்ன வச்சிகினு கீறேன்!” என்று சார் திரையைப் பார்த்துக் கத்துவது என் வீட்டுச் சமையலறைவரை கேட்கும்.

ஒரு நாள் நியாயம் கேட்க வேலூர் ஷோரூமுக்கே கிளம்பிவிட்டார். எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்ததால் அதே காரில் போனேன். டை கட்டிய பிள்ளை ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“முன்னாடி கியர் போட்டா கேமரா ஆஃப் ஆகறது சேஃப்டிக்கு சார்.”

“தம்பி, கேமரான்னா இன்னா? கண்டக்டரு! டிரைவர் ஒரு அடி முன்னாடி எடுத்தா கண்டக்டர் டீ குடிக்கப் பூடுவானா? வண்டி நிக்கிற வரிக்கும் பின்னாடி நின்னு பாத்துகினே இருக்கணும். அதான் ட்யூட்டி.”

“டிசைனே அப்படித்தான் சார்.”

“அப்ப டிசைன் பண்ணவர ஒரு நாள் எங்க தெருவுல வந்து வண்டிய நிறுத்தச் சொல்லு. நான் விசில் ஊதறேன்.”

ஒரு காபியும் ஒரு கீ செயினும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பெரிய கம்பெனிகளில் நியாயம் இப்படித்தான் கிடைக்கும்.

திரும்பும்போது கண்ணமங்கலம் தாண்டியதும் சாருக்கு ஞானம் பிறந்தது. ரிவர்ஸில்தானே கேமரா எரிகிறது? சரி, ரிவர்ஸிலேயே போய்விட்டால்? அன்றைக்கே தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் வண்டியைத் திருப்பி, தெரு முழுக்கப் பின்பக்கமாகவே வந்து வாசலில் நிறுத்தினார். கேமரா ஒரு கணம்கூட அணையவில்லை. அதன்பிறகு அவருக்கு முன் கியர் என்றாலே இளப்பம். பால் வாங்கவும் ரிவர்ஸ், இஸ்திரிக்குத் துணி கொடுக்கவும் ரிவர்ஸ். “முன்னாடி இன்னாம்மா கீது? அடிபடறவன் பூரா பின்னாடிதான் நிக்கிறான்” என்பார்.

தெரு சிரித்தது. சிரித்துவிட்டு, அவசரம் என்றால் அந்தக் காரில்தான் ஏறியது. மேஸ்திரி என்று நாங்கள் கூப்பிடும் பெரிய தறிக்காரர் ஒருவர் உண்டு. தெருவில் பாதித் தறி அவருடையது. அவருடைய மகளுக்கு வலி கண்டபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஓல்டான் சார்தான். பெண் குழந்தை. அதுவும் சார் குற்றம் என்கிற மாதிரி மேஸ்திரி முகத்தை வைத்துக்கொண்டார்.

பட்டுத் தெருக்களில் விடியற்காலை என்றால் பாவு போடும் நேரம். சேலையின் நீளவாட்டு நூலையெல்லாம் தெரு நெடுகக் கட்டி இழுத்து, கஞ்சி தடவிக் காய வைப்பார்கள். சரோஜா அக்கா திரும்பும் நாட்களில் பாவை ஓரமாகப் போட்டு வழி விடுவதென்று பேச்சு. ஒரு முகூர்த்த மாதத்தில், மேஸ்திரி அவசரத்தில் அதை நடுத்தெருவுக்கு இழுத்துவிட்டார். கங்கா ஜமுனாப் பாவு. உடல் மஞ்சள், ஒரு கரை பச்சை, மறுகரை சிவப்பு.

கேமராத் திரையில் வழிகாட்டக் கோடுகள் வருமே, அவை என்ன நிறம்? அதே பச்சை, மஞ்சள், சிவப்பு!

ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கண்கள். அரை வெளிச்சம். திரையில் கோடுகள் அன்றைக்கு என்றுமில்லாத பளபளப்பு. பின் சீட்டில் சரிந்திருந்த சரோஜா அக்காவே எட்டிப் பார்த்துச் சொன்னாராம்: “இன்னாங்க, கோடு ஜாஸ்தியா கீதே?”

“நேத்து மழையில கேமரா கழுவிகினுச்சி சரோஜா. சூப்பரா தெரியுது பாரு.”

கோட்டுக்கு நடுவில் கொஞ்சமும் பிசகாமல் பாவுக்குள்ளேயே வந்தார்; சர்வீஸில்கூட அவ்வளவு நேர்த்தியாக ஒரு பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்திருக்க மாட்டார். ஜனங்கள் கத்தினார்கள். கையைத் தூக்கி வணக்கம் வைத்தார். பட்டு நூல் சக்கரத்தில் சுற்றி, அச்சில் சுற்றி, வண்டியே நின்றுபோனது.

நஷ்டத்தை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். அதோடு விட்டார்களா? பிள்ளையார் கோயிலில் கூட்டம் போட்டார்கள். இனி கார் கோயிலைத் தாண்டி வரக்கூடாது. நடுத்தெருவில் பாவை இழுத்தவரே நடுவர்.

“அந்த அக்கா எப்டிங்க நடப்பாங்க?” என்று நான் கேட்டேன்.

“தொழிலப் பாக்கறதா, ஆளப் பாக்கறதா?” என்றார் மேஸ்திரி. எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் காரில் ஏறாத தலை அதில் ஒன்றுகூட இல்லை.

மறுவாரம் விடியற்காலையில் வாசல் தெளிக்க வந்தவள் வாளியோடு நின்றுவிட்டேன். தெருமுனையிலிருந்து சார் வருகிறார், பின்பக்கமாக நடந்து. சரோஜா அக்காவின் ரெண்டு கைகளையும் பிடித்து, அவர் முகத்தைப் பார்த்தபடி, ஒவ்வொரு அடியாக. சார் தோளுக்குப் பின்னால் இருப்பதை அக்கா பார்த்துச் சொல்கிறார்.

“லெப்ட்டுல ஒடிங்க, சைக்கிள் நிக்குது. பாவுக்குச்சி வருது, மெதுவா. வாங்க, வாங்க.”

வாசல் வந்ததும் அக்கா அவர் தோளில் ரெண்டு தட்டு தட்டினார். “ஓல்டான்.”

சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். “இன்னாம்மா பாக்கற? இது எந்த கியருலயும் அணையாது.”

மழையிலும் பனியிலும் அப்படித்தான் வந்தார்கள். தெரு நெடுகப் பாவு நீவிக்கொண்டிருந்த எவரும் தலை நிமிரவில்லை. நூலில் அவ்வளவு கவனம்.

ஒரு விடியற்காலை கோயில் முனையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. சைரன் இல்லை. பார்த்ததும் புரிந்துவிட்டது. மேஸ்திரியே ஓடிப்போய்ப் பாவை அவிழ்த்தார். நிமிஷத்தில் தெரு காலி. நடக்க முடியாமல் வந்தவளுக்குக் கிடைக்காத வழி, நடக்க வேண்டாதவளுக்குக் கிடைத்தது. நல்ல தெரு! நல்ல ஜனங்கள்!

முன்னால் உட்கார்ந்திருந்த சார் இறங்கி, வண்டிக்குப் பின்னால் போய் நின்றார்.

“கேமரா இருக்குது சார், நீங்க ஓரமா வாங்க” என்றார் டிரைவர்.

“அது அணைஞ்சிடும் தம்பி. நீ வா.”

தெரு முழுக்கப் பின்பக்கமாக நடந்தார். “வா வா வா… லெப்ட்ல ஒடி… வா.” வாசலில் வண்டியின் முதுகில் ரெண்டு தட்டு தட்டினார். கத்தவில்லை. “ஓல்டான் சரோஜா. வூடு வந்துடுச்சி.” வண்டி நின்ற பிறகும் அதன் பின்கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார்.

இப்போது, காரை உள்ளே கொண்டுவரலாம் என்று தெரு தாராளமாக அனுமதி கொடுத்திருக்கிறது. “இனிமே யார எறக்க?” என்று அவர் கேட்டார். கார் கோயில் பக்கத்தில் புழுதி படிந்து நிற்கிறது.

காலையில் நான் வேலைக்குக் கிளம்பி ஸ்கூட்டியைப் பின்னுக்குத் தள்ளும்போது, எதிர் வாசலிலிருந்து குரல் வரும். “வாம்மா… வா வா வா…” ஸ்கூட்டியைத் திருப்ப எனக்கு ரெண்டடி இடம் போதும். ஆனாலும் அவர் ‘ஓல்டான்’ சொல்லும்வரை, பின்னால் போய்க்கொண்டேதான் இருப்பேன்.