வெந்நீர்க் குடும்பத்தின் நம்பிக்கை மடல்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். அப்புறம் வெந்நீர் போட்டான். ஆனால் அந்த வெந்நீரைப் பற்றி வாராவாரம் மின்மடல் அனுப்பலாம் என்று கண்டுகொண்ட நாளில்தான் நாகரிகம் பூர்த்தியானது. அந்தப் பூர்த்தியில் நம்மவருக்கும் பங்குண்டு. வாட்டர் ஹீட்டர் விற்கும் கம்பெனி ஒன்றின் மூன்றாம் மாடியில், ஜன்னலோரம் உட்கார்ந்து 'நம்பிக்கை மடல்' எழுதியவர் அவர்தான். "அன்புச் சொந்தமே, நலமா?" என்று தொடங்குவார். முன்பின் பார்த்திராத ஆயிரக்கணக்கான பேரிடம் நலம் கேட்டார். அவரிடம் நலம் கேட்க ஆள் இல்லை. அது வேறு இலாகா.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் வளர்ச்சி மேலாளர் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். கோடு கூரையைப் பார்த்து ஏறியிருந்தது.

"வெப்சைட்டுக்கு வர்ற கூட்டம் ரெண்டு மடங்கு! வந்தவங்க கிளம்பவே மாட்டேங்கறாங்க. 'எங்கள் கதை' படிக்கிறாங்க, 'எங்கள் கனவு' படிக்கிறாங்க, மறுபடி 'எங்கள் கதை'க்கே வர்றாங்க. புகார்? ஒண்ணுகூட இல்ல! சார், இந்த வார மடல்ல அதையே தலைப்பாப் போட்டுடுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். நம்மவருக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர் இறங்குவதற்குள் அக்கா போன் செய்தாள். தம்பி எழுதிய மடலை நம்பி ஹீட்டர் வாங்கிய ஒரே ரத்த சொந்தம் அவள்.

"டேய், உங்க கம்பெனி போன் நம்பர் எங்கடா இருக்கு?"

"வெப்சைட்ல இருக்கும்க்கா."

"போன வாரத்திலேருந்து அங்கதான்டா குடியிருக்கேன்! உங்க முதலாளி கண்ட கனவெல்லாம் எனக்கு மனப்பாடம். நம்பரைத்தான் காணோம். இங்க ஹீட்டர் ஒழுகி ஹால் வரைக்கும் தண்ணி. உன் மாமா, 'தம்பி எழுதினதை நம்பினியே, அனுபவி'ன்னுட்டு சோபா மேல காலைத் தூக்கி வச்சு உக்காந்திருக்காரு. இனி இந்த வீட்டுல உன் பேச்சை நான் எடுக்க முடியுமாடா?"

நம்மவர் வரவேற்பறையில் நம்பர் கேட்டார். "வெப்சைட்ல பாருங்க சார்" என்றார்கள். கணக்குப் பிரிவும் அதையே சொன்னது. கடைசியில் மேலாளரிடமே போனார்.

"அதை நாமதான் சார் எடுத்தோம். நம்பர் இருந்தா போன் பண்ணிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் சைட்ல யாரு தங்குவா?"

"வீடு ஒழுகுது சார்."

"ஒழுகுற வரைக்கும்தான் சார் உறவு!"

நம்மவர் படியிறங்கினார். தரைத்தளத்தில், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் சர்வீஸ் அறை இருந்தது. மெக்கானிக் ஒருவர் ஏற்கெனவே பளபளத்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன், வாய் பேசாத மாமியார் போல உட்கார்ந்திருந்தது.

"யாருமே கூப்பிடறதில்ல சார். நம்ம ஹீட்டர் அவ்ளோ தரம் போல. சும்மா சம்பளம் வாங்கக் கூச்சமா இருக்கு."

அவரை அக்கா வீட்டுக்கு அனுப்பினார். அதோடு நம்மவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் திரையில் ஏறிய அந்தக் கோடு முழுக்க அவருக்கு அக்காக்களாகத் தெரிந்தது. அந்த வார மடலில் "நலமா?"வுக்கு அடுத்து ஒரே ஒரு வரி சேர்த்தார்: "ஹீட்டர் ஒழுகினால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்."

அடுத்த கூட்டத்தில் கோடு குப்புற விழுந்து கிடந்தது. தரைத்தளத்தில் மெக்கானிக்குக் காபி குடிக்க நேரமில்லை. மேலாளர் இழவு வீட்டுக் குரலில் பேசினார்.

"ஒரே வரியில நம்பிக்கையைக் கொன்னுட்டீங்களே சார்!"

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குழுவுக்கு நம்மவர் காத்திருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"ஹீட்டர் ஜம்முனு ஓடுதுடா. மாமாவே, 'உன் தம்பி பரவாயில்ல'ன்னுட்டாரு. ஆனா அந்த மடல் எனக்கு வர்றதை நிறுத்திட்டேன், கோவிச்சுக்காத."

"ஏன்க்கா?"

"கூப்பிட்டா ஆள் வருதே. அப்புறம் நம்புங்க நம்புங்கன்னு வாராவாரம் எதுக்குடா எழுதறீங்க?"

அன்று மாலையே அக்காவின் பெயர், 'நம்பிக்கை இழந்த வாடிக்கையாளர்கள்' என்ற தலைப்பின் கீழ் முறைப்படி ஏற்றப்பட்டது.