மருந்துச் செலவுக்கு என்று ஏன் சொன்னீர்கள், சம்பந்தி?

பான்
மே 11

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

விஜயரத்தினம் எழுதுவது. இங்கே நானும் மனைவி சிவசக்தியும் மகள் யதுசாவும் சுகம். டோர்ட்மண்டில் நீங்களும் சம்பந்தியம்மாவும் எங்கள் மாப்பிள்ளை நிலக்சனும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறோம். நான் சுகம் என்றது கால் நீங்கலாக.

ஒரு விஷயத்தை நேரில் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன். தை மாதம் கலியாணம் பேச உங்கள் வீட்டுக்கு வந்தோம் அல்லவா? வருகிறவர்களை மங்களகரமாக வரவேற்க வேண்டுமென்று வாசற்படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அன்றைக்கு வெளியே மைனஸ் ஆறு. மஞ்சள் நிற ஐஸை வாழ்க்கையில் முதல்முறையாக நான் பார்த்தது மல்லாந்து கிடந்தபடிதான். கணுக்கால் உடைந்து, ஒரு தகடும் ஏழு ஆணியும் வைத்தார்கள். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து, கண் கலங்க என் கையில் ஒரு உறையைத் திணித்து, "சம்மந்தி, மூவாயிரம் யூரோ இருக்கு, மருந்துச் செலவுக்கு வைச்சிருங்கோ, இதோட இந்தக் கதையை முடிப்பம்" என்றீர்கள். பிறகு பேச்சு வரக்கூடாதென்று அதையே ஜெர்மன் மொழியில் ஒரு தாளில் எழுதினீர்கள், இருவரும் கையெழுத்துப் போட்டோம். வினை அங்கேதான் தொடங்கியது.

என் மருத்துவக் காப்புறுதி, அதுதான் கிராங்கன்காசா, ஒரு படிவம் அனுப்பியது. விபத்துக்குக் காரணமானவர் யார் என்று கேட்டிருந்தார்கள். பெண் கொடுக்கப்போகிற வீட்டுக்காரரின் பெயரை எந்தத் தகப்பன் எழுதுவான்? எனக்கு ஏழரைச் சனி நடப்பது உண்மை, ஆகவே 'திரு. சனீஸ்வரன்' என்று எழுதினேன். அடுத்த கேள்வி, யாராவது பணம் தந்தார்களா? காசு விஷயத்தில் பொய் எழுதப் பயம். உங்கள் தாளின் பிரதியை வைத்து அனுப்பினேன். அங்கேயிருந்து ஒரு அம்மா போன் எடுத்து, "திரு. சனீஸ்வரன் உங்களை விழுத்தியிருந்தால், டோர்ட்மண்டில் இருப்பவர் ஏன் காசு தந்தார்?" என்று கேட்டார்.

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் கிராங்கன்காசா கட்டிவிட்டதாம். ஆகவே மருந்துச் செலவுக்கென்று தந்த மூவாயிரமும் அவர்களுடையதாம், நான் திருப்பிக் கட்ட வேண்டுமாம். வலிக்கென்று தந்திருந்தால் நானே வைத்திருக்கலாமாம். மிச்சச் செலவை உங்களிடம் கேட்பார்களாம். சம்பந்தி, நோயாளிக்குக் காசு கொடுக்கும்போது மருந்துச் செலவுக்கு என்றுதானே எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வோம். "உங்கட வலிக்கு, இந்தாங்கோ" என்று யாராவது கொடுப்பார்களா?

அந்தக் காசு இப்போது என்னிடம் இல்லை. பங்குனியில் நிச்சயதார்த்தத்தன்று உங்கள் மகனின் கழுத்தில் போட்ட சங்கிலி அதுதான். அதை நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். மாதம் நூறாகக் கட்டிவிடுவேன். என் வேண்டுகோள் ஒன்றே. பிறருக்கு நட்டம் வந்தால் கட்டுவதற்கென்று ஒரு காப்புறுதி வைத்திருப்பீர்களே, அவர்களுக்குப் போன் எடுத்து மஞ்சள் தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். "அவையின்ர பிழை எண்டு எழுதினால் கலியாணம் நிண்டு போயிடும்" என்று சிவசக்தி மூன்று நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. யதுசாவோ, "அப்பா, எழுதுங்கோ. இதுக்கு நிக்கிற கலியாணமெண்டால் நிக்கட்டும்" என்கிறாள். அப்படிச் சொல்லிவிட்டு அறைக்குள் போய் அழுததும் எனக்குத் தெரியும். நிலக்சன் என்றால் அவளுக்கு உயிர். எனக்குப் பயமாக இருக்கிறது, சம்பந்தி. கோபம் இருந்தால் அதை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு, மாப்பிள்ளைக்கு ஆசிகள். ஆவணியில் மணவறைக்கு முன்னால் சிரித்த முகத்தோடு சந்திக்க முருகன் துணை நிற்கட்டும்.

தங்கள்
விஜயரத்தினம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது உங்கள் போன் வந்தது. "கால் எப்படி, வலி இருக்கிறதா?" என்று நீங்கள் ஜெர்மன் மொழியில் கேட்டபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், என்னோடு ஒருநாளும் நீங்கள் ஜெர்மன் பேசியதில்லை. நானும் மரியாதைக்கு அதே மொழியில், "அல்லெஸ் கூட்! எல்லாம் நல்லம், வலியே இல்லை, ஓடித் திரிகிறேன்" என்றேன். பிறகுதான் சொன்னீர்கள், போன வாரமே உங்கள் காப்புறுதிக்காரரிடம் நீங்களாகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் என்றும், என் வலிக்கு எவ்வளவு தரலாம் என்று பார்க்க அவர்கள் அனுப்பிய மனிதர் உங்கள் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதிக்கொண்டார் என்றும். ஆகவே மேலே எழுதியதெல்லாம் வீண், மன்னித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் வந்து சேரும்வரை அந்த மனிதரைப் போகவிடாமல் ஒரு தேத்தண்ணி கொடுத்து இருத்தி, தயவுசெய்து இதை மட்டும் சொல்லுங்கள்: வலிக்கிறது, சம்பந்தி. நன்றாகவே வலிக்கிறது.