என் முதல் ட்ராப்பும் ஒரு கல்யாண மண்டபமும்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். சாயங்காலம் ஏழு மணிக்கு மேற்கு மாம்பலத்துல ஒரு கல்யாண ரிசப்ஷன். அரை மணி நேரம் எலெக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக், சுருக்கமா ஈ.டி.எம்., போடணும். சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வரணும்.

என்னைத் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பேர் மௌலி. பாப் பாடகன். பத்துப் பன்னெண்டு வருஷம் முன்னாடி, மழையில நனையற மாதிரி நானே நடிச்சு ஒரு ஆல்பம் போட்டேன். எஃப்.எம்.ல கொஞ்ச நாள் ஓடுச்சு. அப்பல்லாம் ஆட்டோவுல ஏறினா டிரைவர் திரும்பிப் பார்ப்பார். இப்பவும் பார்க்கறாங்க. "அட்ரஸ் கரீட்டா சொல்லு சார்"னு கேக்கறதுக்கு.

போன வருஷம் அடையாறுல ஒரு கச்சேரி. மூணு பாட்டு முடிஞ்சதும் முன் வரிசையில இருந்த ஒருத்தர் ரொம்ப மரியாதையா கேட்டார்.

"சார், பாட்டு எப்ப ஆரம்பிப்பீங்க?"

அன்னிக்கு முடிவு பண்ணேன். இனிமே பாப் கிடையாது. ஈ.டி.எம்.தான்.

வீட்டுல சொன்னேன். என் மனைவி சுதா கீரை ஆய்ஞ்சுக்கிட்டே, "அதுல நீ பாடணுமா?"ன்னு கேட்டா.

"அவ்வளவா வேண்டாம்."

"அப்ப பிக்கப் ஆகும்."

ஆறு மாசம் லேப்டாப்போட உக்காந்து கத்துக்கிட்டேன். பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. தாளம் மெதுவா ஆரம்பிச்சு ஏறிக்கிட்டே போகும். இதோ வெடிக்கப் போகுதுங்கற நேரத்துல டக்குனு சத்தத்தை நிறுத்தணும். ஒரு நொடி அமைதி. அப்புறம் அடிவயித்துல அதிர்ற பேஸ் சத்தம் மொத்தமும் தலையில வந்து விழும். அதுக்குப் பேர் ட்ராப். அந்த இடத்துல கூட்டம் குதிக்கணும். குதிச்சா நீ ஆர்ட்டிஸ்ட். இல்லைன்னா நீ லேப்டாப் வெச்சிருக்கற ஒரு ஆள்.

பாலவாக்கத்துல கடலைப் பார்த்த மாதிரி ஒரு கிளப். அங்க நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கறவங்க நிர்மலா மேடம். "சனிக்கிழமை ஷோ காலியா இருக்கு சார். ஆனா ஒரு தடவை நேர்ல பார்க்கணும். ட்ராப்புல ஜனம் எந்திரிச்சா ஷோ உங்களுக்கு"ன்னாங்க.

கையில இருந்தது இந்த ரிசப்ஷன் மட்டும்தான். கல்யாணப் பொண்ணு, சின்ன வயசுல என் மழைப் பாட்டுக்கு ஸ்கூல்ல டான்ஸ் ஆடினவ. அவளைக் கேட்டுக்கிட்டு மேடத்தையும் அங்கயே வரச் சொல்லிட்டேன்.

உண்மையைச் சொல்லிடறேன், எனக்கு பயம். வயசு நாப்பத்திரண்டு. பாப்பை விட்டாச்சு. இதுவும் இல்லைன்னா தேனாம்பேட்டையில மாமனாரோட ஜெராக்ஸ் கடைதான். அவர் ரெண்டு வருஷமா எனக்காக ஒரு ஸ்டூல் ரெடியா வெச்சிருக்கார்.

மண்டபத்துக்குப் போனா, பொண்ணோட அப்பா வாசல்லயே நிறுத்திட்டார். மயிலாப்பூர்க்காரர். என் டீ ஷர்ட்டையே பார்த்தார். அதுல ஒரு மண்டையோடு இருந்தது.

"மௌலி, தப்பா எடுத்துக்காதீங்கோ. பெரியவாள்ளாம் வந்துண்டிருக்கா. இதோட மேடை ஏற வேண்டாமே."

கையோட ஒரு மயில்கண் வேஷ்டியும் அங்கவஸ்திரமும் கொடுத்தார். கட்டிக்கிட்டேன். கழுத்துல ஹெட்போன். கண்ணாடியில பார்த்தா, விமானம் ஓட்டப் போற புரோகிதர் மாதிரி இருந்தேன்.

சவுண்ட் ஆபரேட்டர் என்னை மேலயும் கீழயும் பார்த்தார்.

"இன்னா சார், மந்திரமா, மியூஜிக்கா?"

"மியூசிக்தான்."

"கரீட்டா சொல்டு சார். ரெண்டுத்துக்கும் செட்டிங் வேற கீது."

நடு மேடையில பொண்ணு மாப்பிள்ளை. இடது பக்கம் சின்னதா எனக்கு ஒரு மேடை. நேர் எதிர்ல நாகஸ்வர கோஷ்டி. மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிச்சு முடிச்சுட்டு, பந்தியில இடம் காலியாகட்டும்னு உக்காந்திருந்தாங்க. தவில்காரர் கலியபெருமாள், தவிலை மடியில வெச்சு, சுவத்துல சாஞ்சு, கண்ணை மூடியிருந்தார்.

ஆரம்பிச்சேன். டும் டும் டும்னு தாளம் ஏற ஆரம்பிச்சுது.

ரெண்டாவது வரிசையில ஒரு மாமி பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொன்னது எனக்கே கேட்டுது. "யாராவது போய் அந்த கிரைண்டரை நிறுத்தச் சொல்லுங்கோளேன்."

நான் கலங்கலை. இன்னும் ஏத்தினேன். மூணாவது வரிசையில நிர்மலா மேடம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. முகத்துல ஒண்ணுமே இல்லை.

இப்பதான் ட்ராப். பெரிய பெரிய டி.ஜே. எல்லாம் என்ன செய்வாங்கன்னு வீடியோவுல பார்த்து வெச்சிருந்தேன். சத்தத்தை நிறுத்தினேன். மண்டபமே அமைதியாச்சு. வலது கையை உயரத் தூக்கி, ஆள்காட்டி விரலை ஆட்டினேன்.

கல்யாண மண்டபத்துல, வேஷ்டி அங்கவஸ்திரத்தோட மேடையில நிக்கற ஒருத்தன், கையைத் தூக்கி விரலை ஆட்டினா அதுக்கு நம்ம ஊர்ல ஒரே ஒரு அர்த்தம்தான். கலியபெருமாள் நாப்பது வருஷமா அந்த விரலைப் பார்த்து வாழறவர். பாதிக் கண்ணைத் திறந்தார். விரலைப் பார்த்தார். யோசிக்கவே இல்லை.

கெட்டிமேளம் கொட்டிட்டார்.

அவர் கொட்டினதும் நாகஸ்வரமும் சேர்ந்துடுச்சு. ஆறு மாசம் உக்காந்து செதுக்கின என் ட்ராப் அதுக்குள்ள எங்கயோ போய் விழுந்துது. எனக்கே கேக்கலை.

மொத்த ஹாலும் எந்திரிச்சுது. கீழ பந்தியில இருந்தவங்க பாதிச் சாப்பாட்டுல மேல ஓடி வந்தாங்க. ஒருத்தர் கையில ஜாங்கிரி.

"தாலி கட்டியாச்சா? நாளைக்குன்னுதானே போட்டிருந்தது?"

யார்கிட்டயும் அட்சதை இல்லை. வாசல்ல தட்டுல இருந்த கல்கண்டை அள்ளிட்டு வந்து போட்டாங்க. கல்கண்டு வலிக்கும்ங்க. கோட்டு சூட்டுல நின்ன மாப்பிள்ளை, பொண்ணுகிட்ட குனிஞ்சு, "இப்ப நான் ஏதாவது பண்ணணுமா?"ன்னு கேட்டார்.

பக்கத்துல இருந்த என் மிக்ஸர் மேலயும் கல்கண்டு விழுந்துது. ஒண்ணு நேரா போய் வால்யூம் பட்டனோட பள்ளத்துல மாட்டிக்கிச்சு. சத்தம் ஏறுதே தவிர இறங்கலை.

சவுண்ட் ஆபரேட்டரைப் பார்த்து, "ஒரு நிமிஷம், நிறுத்து"ங்கற மாதிரி விரலைக் காட்டினேன். தவில் இன்னும் வேகமாச்சு.

"இன்னா சார், ஏத்தணுமா?"ன்னார் ஆபரேட்டர்.

பதறிப்போய் ரெண்டு கையையும் ஆட்டினேன். இப்ப நாகஸ்வரமும் ஒரு படி மேல போச்சு. ஆட்ட ஆட்ட கொட்டறாங்கங்கறது எனக்குப் புரியறதுக்கு கொஞ்ச நேரம் ஆச்சு.

சாஸ்திரிகள் சாப்பிட்ட கையைக் கூட அலம்பாம ஓடி வந்தார். உள்ளங்கையை விரிச்சுக் காட்டினார். சட்டுனு மேளம் நின்னுது. நானும் மிக்ஸரோட வயரைப் பிடுங்கிட்டேன்.

"கெட்டிமேளம் சொன்னது யாரு?"

எல்லாரும் என்னைக் காட்டினாங்க.

"முகூர்த்தம் நாளைக்குக் கார்த்தாலன்னா?"

கலியபெருமாள் தோள்துண்டால முகத்தைத் தொடைச்சுக்கிட்டார். "விரல் ஆடிச்சு, கொட்டினோம். எப்ப ஆட்டணும்னு தம்பிக்குத்தான் தெரியணும்."

பொண்ணோட அப்பா முகம் வெளுத்துப்போச்சு. "அபசகுனம் ஒண்ணும் இல்லையே?"ன்னு மெல்லக் கேட்டார். நிஜமாவே எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது. ஒரு மனுஷன் எத்தனை நாள் அலைஞ்சு நடத்தற கல்யாணம்.

சாஸ்திரிகள் கொஞ்சம் யோசிச்சார். "மங்கள வாத்தியம்தானே, ஒரு தோஷமும் இல்லை. நாளைக்கு இன்னொரு தரம் கொட்டிக்கலாம்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீங்க மட்டும் நாளைக்குக் கையைக் கட்டிண்டு உக்காருங்கோ."

நான் வயரைச் சுத்த ஆரம்பிச்சேன். ஜெராக்ஸ் மெஷின்ல பேப்பர் எப்படிப் போடறதுன்னு மனசுக்குள்ள ஓடிக்கிட்டிருந்தது. நிர்மலா மேடம் வேகமா வந்தாங்க.

"சார், மொத்த ஹாலும் எந்திரிச்சிடுச்சு. பந்தியே எந்திரிச்சு வந்துடுச்சு. இப்படி ஒரு ட்ராப்பை நான் பார்த்ததே இல்லை."

அங்கவஸ்திரத்தைச் சரி பண்ணிக்கிட்டு, அடக்கமா, "தேங்க்ஸ்"னேன்.

"அந்த தவில்காரர் நம்பர் கிடைக்குமா?"

வாங்கிக் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன். சுதா கதவைத் திறந்து, "ஜனம் எந்திரிச்சுதா?"ன்னா. எந்திரிச்சுதுன்னு சொன்னேன். அதுல பொய் ஒண்ணும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மேடத்துகிட்டேர்ந்து போன்.

"கலியபெருமாள் ஐயா ஒத்துக்கிட்டார் சார். ஒரே ஒரு சிக்கல். யாராவது விரல் ஆட்டினாத்தான் கெட்டிமேளம் கொட்டுவாராம். தானா கொட்டற வழக்கமே கிடையாதாம். எங்க ஆளை விட்டு ஆட்டிப் பார்த்தோம். 'அந்தத் தம்பி ஆட்டின மாதிரி இல்லை'ங்கறார். நீங்க வர முடியுமா?"

"என்ன பாடணும்?"

"பாட வேண்டாம் சார்."

"லேப்டாப் கொண்டு வரட்டுமா?"

"அதை நாங்க பார்த்துக்கறோம். நீங்க அதே வேஷ்டியில வந்துடுங்க."

நேத்து போஸ்டர் அனுப்பியிருந்தாங்க. கடல், நிலா, கலர் கலரா லைட்டு. கீழ கலைஞர்கள் பட்டியல். தவில்: கலியபெருமாள். நாகஸ்வரம்: சுப்பிரமணியம். விரல்: மௌலி.