பதினோரு பூச்சு

"படகை இறக்குங்க."

அவள் சொன்னது அவ்வளவுதான். பரீட்சை ஹாலில் யாரோ சத்தமாகப் பாடத் தொடங்கியதைப் போல மேல்தளத்தில் இருந்த மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கேப்டன். ஒருவர் கப்பல் கம்பெனியின் மேனேஜர். இன்னொருவர் டீ கொண்டுவந்த சமையல்காரர்.

கேட்கவே கூடாது என்று அவளிடம் சொல்லி அனுப்பியிருந்த ஒரே விஷயம் அதுதான்.

"ஃபைலைப் பாரு, டிக் போடு, கையெழுத்துப் போடு, வா. உயிர்காப்புப் படகை மட்டும் இறக்கிக் காட்டச் சொல்லிடாதம்மா," என்று காலையில் மேலதிகாரி மூன்று முறை சொன்னார். அவள் ஜீப்பில் ஏறிய பிறகும் ஜன்னலில் தலையை நீட்டி நான்காவது முறையும் சொன்னார். அவளுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று வாரம். அந்த ஆணையில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. கப்பல் பாதுகாப்பு அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'ரூல் புக்கு'. அன்பாக வைத்த பெயரில்லை.

மேனேஜர் சிரித்தார். "எதுக்கு மேடம் சிரமம்? போன மாசம் பதினாலாம் தேதிதான் இறக்கினோம். ரிஜிஸ்டர்ல இருக்கு பாருங்க. நாலு நிமிஷம் பத்து செகண்ட்."

"அதுக்கு முந்தின மாசமும் நாலு நிமிஷம் பத்து செகண்ட். அதுக்கு முந்தின மாசமும்."

"பயிற்சி மேடம். அவ்வளவு பக்கா."

"நடுவுல ஒரு தடவை புயல்," என்றார் கேப்டன், வானத்தைப் பார்த்தபடி. "அன்னைக்கும் அதே டைம்தான்."

மேனேஜர் அவரை முறைத்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும் அசடு என்று அவளும் கேப்டனைப் பற்றி முடிவு செய்துகொண்டாள்.

டிக் போடுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. அவள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 'ஹெல்மெட், பூட்ஸ் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிய தாளில் ஒருநாள் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள், வைத்தார். ஹெல்மெட்டையும் பூட்ஸையும் அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இரும்புச் சுருள் உருண்டு இடது பாதம் போனபோது, பூட்ஸ் கொடுத்தோமே, ஏன் போடவில்லை என்று அந்தத் தாளையே காட்டிக் கேட்டார்கள். அந்த வீட்டில் முதன்முதலாகப் படிக்கத் தெரிந்தவள் இவள். கண்ணால் பார்க்காத எதற்கும் இவள் டிக் போடுவதில்லை.

"இறக்குங்க," என்றாள் மறுபடியும்.

படகு பளபளவென்று இருந்தது. நேற்றுத்தான் கடையில் வாங்கி வந்ததைப் போல. கிட்டே போய்ப் பார்த்தாள். படகைத் தாங்கும் கொக்கிகளின் மேலும் பெயின்ட், அவை மாட்டியிருந்த வளையங்களின் மேலும் பெயின்ட். இரண்டுக்கும் நடுவே ஒரு கீறல்கூட இல்லை. தோசைக்கல்லில் ஒட்டிய மாவைப் போல எல்லாம் ஒரே பிண்டம்.

"மொத்தம் எத்தனை பூச்சு?"

"பதினொண்ணு," என்றார் கேப்டன். "இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒண்ணு."

"சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!" மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார். "சுத்தியல் கொண்டுவாங்கப்பா. ரெண்டு தட்டு தட்டினா விட்டுடும்."

கேப்டனே சுத்தியலை வாங்கி முன்பக்கக் கொக்கியில் இரண்டு தட்டு தட்டினார். விட்டது. பின்பக்கம் விடவில்லை.

படகு மூக்கைக் கடலுக்குக் கொடுத்து, வாலை வானத்துக்குத் தூக்கி, அந்தரத்தில் தொங்கியது. உள்ளே எதுவோ உருண்டது. முதல் பெயின்ட் டப்பா தண்ணீரில் விழுந்தது. அப்புறம் இரண்டாவது. எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். ஒன்பது டப்பாக்கள்.

"இருபத்திரெண்டு பேர் ஏற வேண்டிய படகு," என்றாள் அவள்.

"படகு போனா என்ன மேடம், லைஃப் ஜாக்கெட் இருக்கே!" மேனேஜருக்குக் குரல் கீச்சிட்டது. "சார், ஒண்ணு கொண்டுவந்து காட்டுங்க. நல்லதா!"

கேப்டன் நிதானமாகப் போய், நிதானமாக வந்தார். அவள் வாங்கிப் பட்டையை இழுத்தாள். பட்டை கையோடு வந்தது.

"இருக்கறதுலயே நல்லது இதுதான்," என்றார் கேப்டன் பணிவாக.

மேனேஜர் அவளுடைய மேலதிகாரிக்கு போன் போட்டார். ஒரு நிமிடம் புலம்பினார். பிறகு வெற்றிக் களையோடு போனை அவளிடம் நீட்டினார்.

"நான் என்னம்மா சொல்லி அனுப்பினேன்?"

"இறக்கச் சொல்லாதன்னு, சார்."

"இப்ப என்ன பண்ணியிருக்க?"

"இறக்கச் சொல்லியிருக்கேன், சார். பாதிதான் இறங்குச்சு."

மறுமுனையில் பலமான இருமல். "நாளைக்குக் காலையில என்னை வந்து பாரு," என்று போன் துண்டிக்கப்பட்டது.

அவ்வளவுதான், மூன்று வாரம் ஒரே ராத்திரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அம்மா அழுவாள். அப்பா பாதம் போன காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கப்பல் சாயங்காலம் கிளம்ப வேண்டும். அவள் ஒரு டிக் போட்டால் கிளம்பிவிடும்.

பையிலிருந்து அவள் எடுத்தது வேறு படிவம். குறை தீரும்வரை கப்பல் நகரக்கூடாது என்ற உத்தரவு. ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். பேனா எழுதவில்லை. உதறினாள். கேப்டன் தன் பேனாவை நீட்டினார். மூடியைக் கழற்றியே வைத்திருந்தார்.

"முதலாளி உங்களைச் சும்மா விடமாட்டார்!" என்று மேனேஜர் கத்தினார்.

"புதுப் படகு, புது ஜாக்கெட். வந்ததும் சொல்லுங்க, வந்து பாக்கறேன். நான் இல்லன்னா வேற யாராவது வருவாங்க. அவங்களுக்கும் இறக்கிக் காட்டுங்க," என்று தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏணிப்பாலத்தில் இறங்கினாள்.

"மேடம்! ஹெல்மெட்டை விட்டுட்டீங்க!" சமையல்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். கொடுத்துவிட்டும் போகவில்லை. கூடவே இறங்கினார்.

"நாங்க எல்லாரும் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கோம் தாயி. கேப்டன் முதலாளிக்குப் பதினோரு லெட்டர் போட்டாரு, படகு ரிப்பேருன்னு. ஒவ்வொரு லெட்டருக்கும் பதிலா பெயின்ட்தான் வந்துச்சு."

அவள் நடையைக் குறைக்கவில்லை. "அதை அவரே சொல்லியிருக்கலாமே! வாயில என்ன, பெயின்டா?"

"சொன்னா மறுநாள் வேற கேப்டன் வந்துடுவாரே. அதான் நேத்து உங்க ஆபீசருக்கு போன் போட்டாரு. நான் டீ வைக்கப் போனேன், ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு, ரெண்டு பேர் பேசினதும் காதுல விழுந்துச்சு. 'செய்யாதன்னு சொன்னா அதையே செய்யற ஆளு உங்ககிட்ட யாராவது இருக்காங்களா'ன்னு கேட்டாரு. 'ஒரே ஒரு பொண்ணு இருக்கு, நாளைக்கே அனுப்பறேன். மறக்காம நாலு தடவை செய்யாதன்னு சொல்லியே அனுப்பறேன்'னாரு உங்க ஆபீசரு."