டிரம்முக்கு ஏசி

"அக்கா, இந்த டிரம்மை யாரு இங்க வச்சது?"

சேஃப்டி ஆபீசரின் குரல் கிறீச்சிட்டது. வேலைக்குச் சேர்ந்து பத்தே நாள். அபாய ரசாயன விதிகளை அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம் செய்தவர். பதினொரு மணிக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார். டிரம்மிலோ வட்டத்துக்கு மேல் தீ எரியும் படம் போட்ட ஸ்டிக்கர். அதை ஒட்டி, சட்டெனத் தீப்பிடிக்கும் தின்னர் கேன்கள்.

"அந்தப் படத்துக்கு என்ன தம்பி அர்த்தம்?" என்றார் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா.

"இது தானா எரியாதுக்கா. பக்கத்துல இருக்கிறதை நல்லா எரியவிடும்."

"நம்ம மேனேஜர் மாதிரின்னு சொல்லுங்க."

நாலு பேர் சேர்ந்து டிரம்மை கேன்டீன் பக்கம் உருட்டினார்கள். அங்கே கேஸ் அடுப்பு. ஆபீசர் அடுப்பை அணைத்தார். டீ போச்சு. பதினெட்டுப் பேர் காலி டம்ளரோடு அவரை முறைத்தார்கள்.

வெளியே உருட்டினார்கள். 'வெயில் படக்கூடாது' என்றது ஸ்டிக்கர். நிழல் இருந்த ஒரே இடம் மேனேஜரின் கார் ஷெட். சூடான இன்ஜின் பக்கத்தில் இதை வைக்கலாமா? ஆபீசர் காரை எடுத்துத் தெருவில் விட்டார். பத்தே நிமிஷத்தில் போக்குவரத்துப் போலீஸ் வந்து காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது. காலியான ஷெட்டில், டீ கிடைக்காத ஆறு பேர் சிகரெட் பிடிக்க ஒதுங்கினார்கள்.

குளிர்ச்சி, பூட்டு, நெருப்பில்லாமை என்று எல்லாம் பொருந்தி வந்த அறை இனி ஒன்றே ஒன்றுதான்.

"என் ரூமா? அப்ப நான் எங்கய்யா உக்கார்றது?" என்று கத்தினார் மேனேஜர்.

"நீங்க எங்க வேணா உக்காரலாம் சார். அபாயப் பட்டியல்ல நீங்க இல்ல."

இன்ஸ்பெக்டரம்மா வந்தபோது மேனேஜர் படிக்கட்டில் உட்கார்ந்து வியர்வையோடு ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார். டிரம் ஏசியில் இருந்தது. ஆபீசர் மூச்சுவிடாமல் விதி எண்களை ஒப்பித்தார். அம்மையாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"எத்தனையோ கம்பெனி பாத்துட்டேன். ஒரு டிரம்முக்கு இவ்வளவு மரியாதை எங்கயும் பாக்கல!"

'முழுத் திருப்தி' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். கார் போன மேனேஜர்கூட எழுந்து வந்து ஆபீசருக்குக் கை கொடுத்தார்.

அப்போது, கையில் பிரஷோடு பெயின்டர் தலையை நீட்டினார்.

"சார், பெயின்ட் அடிக்கணும்னு நேத்து எல்லா டிரம்லயும் ஸ்டிக்கரை உரிச்சேன். எது எதுல இருந்துச்சுன்னு ஞாபகமில்ல. கலருக்கு எடுப்பா இருக்கிற மாதிரி பாத்து ஒட்டிட்டேன், பரவாயில்லையா?"