புறா வாங்கப் புறப்பட்ட புள்ளிகள்

இனி ஆபீசுக்குக் காரில் போவதில்லை, அதை மனைவியிடம் சொல்வதாகவும் இல்லை என்று கர்ஸோனோ சபதம் எடுத்த காலையில், ஜகார்த்தா நகரமே மழையில் கரைந்துகொண்டிருந்தது.

காரணம் ஒரு பெர்குதுத் புறா. அது கூவினால் ஜாவாக்காரர்களுக்கு மனசு இளகும். கர்ஸோனோவுக்கு எலும்பே இளகும்.

"கூண்டு இந்த வாசல் வழியா உள்ள வந்தா, நான் அந்த வாசல் வழியா வெளிய போயிடுவேன்" என்று மனைவி லஸ்த்ரி சொல்லியிருந்தாள். வீட்டுக்கு இருப்பதே ஒரு வாசல். அவளும் புறாவும் நேருக்கு நேர் முட்டிக்கொள்வதை நினைத்து அவர் பலமுறை நடுங்கியிருக்கிறார். அதனால் புறாவை ஆபீஸ் மொட்டைமாடியில் வளர்ப்பதாகத் திட்டம்.

பணத்துக்குப் பயணப் புள்ளி இருந்தது. சாலை நெரிசலைக் குறைக்க, அரசாங்கம் மாதாமாதம் ஒவ்வொருவர் கைபேசியிலும் கொஞ்சம் புள்ளி போட்டுவிடும். காலையில் பெரிய சாலையில் கார் ஓட்டினால் அது கரையும். ஓட்டாதவர் மிச்சத்தை விற்கலாம், போதாதவர் வாங்கலாம். நிஜப் பெயர் வேண்டாம், புனைபெயர் போதும்.

கர்ஸோனோ 'விடியல்' ஆனார். தினமும் காரில் கிளம்பி, ரயில் நிலையத்தில் அதை நிறுத்திவிட்டு ரயிலேறினார். ஜன்னலுக்கு வெளியே கட்டடங்கள் மேகம்போல மிதந்தன. சக்கரச் சத்தம் மெல்ல மெல்லக் கூவலாக மாறியது. தூக்கமா விழிப்பா என்று அவருக்கே தெரியாது.

புள்ளிகளை 'மல்லிகை' என்ற ஒருத்தி வாங்கினாள். கறாராகப் பேரம் பேசுவாள். இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று அவர் நினைத்திருக்கும் விலையில் வந்து நிற்பாள். 'மனசறிந்த பொண்ணு' என்று அவர் பெருமூச்சு விட்டார்.

ஒருநாள் தண்டவாளத்தில் வெள்ளம் ஏறி ரயில் பாதியில் நின்றது. குடையோடு பெரிய சாலையில் நடந்தார். மழைப்புகையில் கார்கள் ஊர்ந்தன. அதில் ஒன்று அவருடையது. ஓட்டிக்கொண்டிருந்தவள் லஸ்த்ரி.

கண்ணாடி இறங்கியது.

"நனையாதீங்க. ஏறுங்க."

உள்ளே தேங்காய்ப்பால் சோற்று மணம். பின்சீட் நிறையப் பொட்டலங்கள்.

"என்னடி இது?"

"ஆபீசுகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்கறேன். ஸ்டேஷன்ல கார் சும்மாதானே நிக்குது? மாத்துச்சாவி இருக்கு."

"புள்ளி?"

"என் பங்கு பத்தலைங்க. விடியல்னு ஒரு அப்பாவி விக்கிறாரு."

கர்ஸோனோ அவள் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"மல்லிகை நீதானா? சரி, மனசுல நான் நெனைச்ச விலை உனக்கு எப்படித் தெரியும்?"

"மனசுலயா? தூக்கத்துல வாய்விட்டுல்ல சொல்றீங்க. ஸ்டேஷன், விலை, எல்லாம்."

"புறா?"

"கூவியே காட்டினீங்க."

"அப்போ... வாங்கிக்கவா?"

"ரெண்டெதுக்குங்க? வீட்ல ஏற்கெனவே ஒண்ணு கூவுதே."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் காருக்குள் கதகதப்பு. சோற்று மணம். வண்டி நகரவே இல்லை, துடைப்பான் மட்டும் கண்ணாடியில் தாலாட்டிக்கொண்டிருந்தது. இமைகள் தாமாக மூடின. எங்கோ புறா ஒன்று இறங்கியது. அவர் உதடுகள் மெல்ல அசைந்தன.

லஸ்த்ரி கார் ரேடியோவில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டு அவர் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"அடுத்த மாச விலையா? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."