தாழ்ந்த வயலுக்குச் சிவப்பு கிரேயான்

ஆரணி,
தை, 1979

வேலூரில் ஊரார் மண்ணையெல்லாம் சோதித்துச் சம்பளம் வாங்கும் அருமை அண்ணா ஜெயசந்திரனுக்கு, தங்கை சக்ரேஸ்வரி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு எல்லோரும் சுகம். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு மட்டும் இன்னும் வேகவில்லை. அங்கு அண்ணியும் பிள்ளைகளும், உங்கள் மேஜை மேலுள்ள மண் பொட்டலங்களும் சுகம்தானே? தாமதத்துக்குக் கோபிக்காதீர்கள். பாப்பா தூங்கினால்தான் எனக்குக் கை உண்டு.

நீங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய உப்பளக்கும் மீட்டர் பத்திரமாக வந்தது. ஏரிக் கசிவு தேங்கி எங்கள் தாழ்ந்த வயலில் உப்புப் பூத்தபோது, நடுவே வடிகால் வெட்டினால் உப்பு கரைந்து வெளியே போய்விடும் என்று என் பி.எஸ்ஸி.யை நம்பிச் சொன்னவள் நான்தானே? மருமகள் பேச்சாயிற்றே என்று மாமா மனசில்லாமல் வெட்டினார். "தைக்குள்ள உப்பு போவலன்னா ஆளை வுட்டு மூடிடுவேன்" என்றும் சொல்லிவிட்டார். ஆகவே நீங்கள் சொன்னபடி வயல் முழுக்கக் கட்டம் கட்டமாகக் குச்சி நட்டு, அடையாளத்துக்கு எதிர்வீட்டு நெசவாளர் அருணகிரி கொடுத்த கழிவுப் பட்டு நூலைக் கலர் கலராகக் கட்டினேன். அவரே வந்து பார்த்து, "இன்னாம்மா, வயலுக்குப் பாவு போட்டுகினு கீறியா?" என்றார். குச்சிக்கு ஒரு பிடியாக மண் எடுத்துக் கூடத்தில் பேப்பர் விரித்து நிழலில் உலர்த்தினால், பாப்பா தவழ்ந்து வந்து ஒரு குவியலில் கை நிறைய அள்ளித் தின்றுவிட்டாள். உப்பு மண்ணாக இருந்தால் என்ன ஆவது என்று அந்தக் குவியலை நானும் நக்கிப் பார்த்துவிட்டு டாக்டரிடம் ஓடினேன். கம்பவுண்டர் சிரிக்கிறார்: "மண்ணு துன்னாத கொழந்த ஏதும்மா? அது நல்லாத்தான் கீது. நீ இன்னாத்துக்குத் துன்ன?"

திரும்பி வந்தால் அத்தை கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அத்தையைத்தான் தெரியுமே, ஜைன நோன்பு பிசகாமல், தண்ணீர் வடிகட்டிய துணியில் ஒட்டிய உயிரைக்கூட அதே கிணற்றில் அலசி விடுகிறவர். மயிலிறகால் என் மண்ணிலிருந்த எறும்பையெல்லாம் கொட்டாங்கச்சி கொட்டாங்கச்சியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். "பச்ச நூல் குச்சி எறும்ப மஞ்ச நூல் குச்சியில வுட்டா, வூடு தெரியாம அல்லாடும்மா" என்று சொல்லி, ஒவ்வொன்றையும் அதனதன் குச்சியடியில் விட்டுவிட்டு வந்த பிறகுதான் நான் மண்ணைத் தொட முடிந்தது. நீங்கள் பாட்டிலில் அனுப்பிய, உப்பே இல்லாத டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, தெளியவிட்டு, மீட்டரை விட்டால், அண்ணா, எல்லாக் கட்டமும் உப்பு! மேட்டுக் கீரைப் பாத்திகூட உப்பு! உப்புக் கட்டத்துக்கெல்லாம் சிவப்பு கிரேயான் அடித்த வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். குங்குமச் சிமிழ் கவிழ்ந்த மாதிரி ஒரே சிவப்பு. மாமா பார்த்தார். "காலேஜ்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார். திங்கட்கிழமை வடிகாலை மூட ஆள் சொல்லியாயிற்று. நான் தோற்றேன். இனி வடிகால் என்ற பேச்சையே எடுக்கமாட்டேன். நீங்களும் எடுக்காதீர்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் கைக்கு வரும் மண்ணெல்லாம் உப்பில்லாமல் விளங்கட்டும்.

இப்படிக்கு,
தலைநிமிராத தங்கை,
சக்ரேஸ்வரி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அத்தை வந்து, "அந்த பாட்டில் தண்ணி தீந்துட்டா சொல்லு, இன்னொரு தபா ரொப்பித் தரேன்" என்றார். இன்னொரு தபாவா என்று கேட்டேன். "எவன் வடிகட்டினானோ, வடிகட்டலையோ! அத குரோட்டன்ஸ் செடிக்கு ஊத்திட்டு, நம்ம கிணத்துத் தண்ணியத் துணியில வடிகட்டிக் காய்ச்சி ரொப்பினேன். உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான்." அண்ணா, நான் சிவப்படித்தது வயலுக்கல்ல, பருப்பு வேகாத எங்கள் கிணற்றுக்கு! வெறும் தண்ணீரை முதலில் அளந்து பார் என்று நீங்கள் சொன்னபோது, எனக்கா தெரியாது என்று முறைத்தவள் நான்தான். வரைபடத்தைக் கிழித்துவிடுங்கள். மாமாவிடம் ஓடிச் சொன்னேன். "உன் பேச்சக் கேட்டு வெட்டனதே போதும், திங்கக்கிழமை மூடறதுதான்" என்றார். அப்போது அத்தைதான், "மூடுவீங்களா? வடிகால் பூரா தலைப்பிரட்டை நீஞ்சிகினு கீது. அதுங்களுக்குக் கால் மொளச்சித் தாவிப் போற வரிக்கும் ஒரு கூட மண்ணு வுழக்கூடாது" என்றார். மாமா திங்கட்கிழமை வரவேண்டாம் என்று ஆளுக்குச் சொல்லியனுப்பினார். சிலதுக்குப் பின்னங்கால் எட்டிப் பார்க்கிறது, அண்ணா. ஜல்தியாக இன்னொரு பாட்டில் அனுப்புங்கள். மேலே உங்கள் கையால் பெரிதாக எழுதுங்கள்: 'வடிகட்டியது.'